ஒரு கையெழுத்தில் திறந்த கதவு

2008 நவம்பர் 27, வியாழக்கிழமை. முந்தைய இரவுதான் மும்பையில் தாக்குதல் தொடங்கியிருந்தது. உலகத்தின் கண்கள் அங்கே இருந்தன. அன்று லண்டனில், பெருநகரக் காவல்துறையின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவைச் சேர்ந்த அதிகாரிகள் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குள் சென்று, எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் அலுவலக அறையைச் சோதனையிட்டார்கள். கதவை உடைக்கவில்லை. யாரையும் மிரட்டியதாகப் புகாரும் இல்லை. வாரண்டும் இல்லை. சபை அதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் மட்டும் இருந்தது.

அந்த எம்.பி. டேமியன் கிரீன். கென்ட் மாவட்டத்தின் ஆஷ்ஃபோர்ட் தொகுதி உறுப்பினர். கன்சர்வேட்டிவ் கட்சியின் குடியேற்றத் துறைப் பேச்சாளர். அதே நாளில் அவரைக் கைதும் செய்தார்கள். அது சரியா என்று அன்று பிரிட்டன் முழுவதும் விவாதித்தது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்தப் படிவம். போலீஸ் ஒரு கதவைத் தாண்டுவதற்குப் பிரிட்டன் சட்டம் வகுத்திருக்கும் வழிகளில் மிக எளியது, மிகக் குறைவாகக் கண்காணிக்கப்படுவது, உள்ளே இருப்பவரின் 'சரி' என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல் எப்படிப் பெறப்படுகிறது என்பதை இவ்வளவு வெளிச்சத்தில் காட்டிய வேறு நிகழ்வை நான் அறியேன்.

எங்கிருந்து தொடங்கியது

2007 நவம்பர் முதல் உள்துறை அமைச்சகத்தின் உள்விவகாரங்கள் பத்திரிகைகளில் வரத் தொடங்கின. நாட்டில் தங்க அனுமதி இல்லாத ஆயிரக்கணக்கானோருக்குப் பாதுகாவலர் வேலைக்கான உரிமம் வழங்கப்பட்டிருந்தது ஒரு செய்தி. அனுமதியற்ற குடியேறி ஒருவர் நாடாளுமன்ற வளாகத்திலேயே துப்புரவுப் பணி செய்துவந்தார் என்பது இன்னொன்று. பயங்கரவாத வழக்கில் சந்தேக நபரைக் குற்றச்சாட்டு இல்லாமல் 42 நாள் வரை காவலில் வைக்கும் திட்டத்தை ஆளும் லேபர் கட்சியின் எந்தெந்த எம்.பி.க்கள் எதிர்க்கக்கூடும் என்ற கொறடாவின் பட்டியல் வெளியானது. பொருளாதார மந்தத்தால் குற்றங்கள் கூடலாம் என்று உள்துறை அமைச்சர் பிரதமருக்கு எழுதவிருந்த கடிதமும் வெளியானது.

அரசுக்கு இவை சங்கடமானவை என்பதில் ஐயமில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவையா? அமைச்சரவை அலுவலகம் அப்படித்தான் எழுதியது. 2008 அக்டோபரில் காவல்துறையின் உதவியைக் கேட்டு அது அனுப்பிய கடிதம், சில கசிவுகளால் தேசப் பாதுகாப்புக்கு ஏற்கெனவே கணிசமான சேதம் நேர்ந்துவிட்டதாகச் சொன்னது. நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையின் உள்துறைக் குழு அந்தக் கடிதம் மிகைப்படுத்தியது என்று பின்னர் முடிவு செய்தது. ஆனால் அந்தச் சொற்கள் தங்கள் வேலையைச் செய்து முடித்திருந்தன. சங்கடம் என்று எழுதியிருந்தால் துறைக்குள் ஓர் ஒழுங்கு விசாரணை நடந்திருக்கும். தேசப் பாதுகாப்பு என்று எழுதியதால் பயங்கரவாதத் தடுப்பு அதிகாரிகள் வந்தார்கள்.

நவம்பர் 19 அன்று அமைச்சகத்தின் இளநிலை அலுவலர் ஒருவர் கைதானார். எட்டு நாள் கழித்து, அவரிடமிருந்து தகவல்களைப் பெற்றதாகச் சந்தேகிக்கப்பட்ட டேமியன் கிரீன் கென்ட்டில் கைதானார். பொதுப் பதவியில் முறைகேடு செய்யச் சதி செய்தார், அதற்கு உடந்தையாக இருந்தார் என்பது சந்தேகம். இந்தக் குற்றத்தை நாடாளுமன்றம் எந்தச் சட்டத்திலும் எழுதி வரையறுத்திருக்கவில்லை. நீதிமன்றங்கள் நூற்றாண்டுகளாக வளர்த்தெடுத்த வழக்குமன்றச் சட்டக் குற்றம் அது. அதிகபட்சத் தண்டனை ஆயுள் சிறை. அரசின் ரகசியச் சட்டத்தால் எட்ட முடியாத ஒரு கசிவை இவ்வளவு பழைய, இவ்வளவு அகலமான ஒரு குற்றத்துக்குள் கொண்டுவர முடிந்தது என்பதை இந்த வழக்கைப் படிக்கும் எவரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிரீனின் கென்ட் வீடு, லண்டன் வீடு, தொகுதி அலுவலகம், காமன்ஸ் அறை ஆகிய நான்கு இடங்கள் சோதிக்கப்பட்டன. சுமார் ஒன்பது மணி நேரம் காவலில் இருந்த பிறகு அவர் ஜாமீனில் வெளியே வந்தார்.

கதவைப் பற்றிய சட்டம்

1762 நவம்பர் 11 அன்று ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் லண்டன் வீட்டுக்குள், நேத்தன் கேரிங்டன் தலைமையில் மன்னரின் தூதர்கள் நான்கு பேர் நுழைந்தார்கள். அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு தந்த வாரண்ட் அவர்களிடம் இருந்தது. அரசை விமர்சித்த பத்திரிகையில் எழுதினார் என்பது என்டிக் மீதான சந்தேகம். நான்கு மணி நேரம் பெட்டிகளையும் மேசைகளையும் குடைந்து தாள்களை அள்ளிச் சென்றார்கள். என்டிக் அத்துமீறல் வழக்குப் போட்டார். நடுவர் குழு 300 பவுண்ட் இழப்பீடு தந்தது. 1765-இல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார். இப்படியொரு வாரண்டைத் தர அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கும் சட்டம் எது என்று கேட்டார். அது சட்டம் என்றால் நம் நூல்களில் இருக்கும். அங்கே இல்லையென்றால் அது சட்டமல்ல என்றார். அரசின் தேவை என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றும் அதுவே அடிப்படை: நுழைபவர்தான் தன் அதிகாரத்தைக் காட்ட வேண்டும். அந்த அதிகாரங்களில் பெரும்பாலானவற்றை ஒரே இடத்தில் தொகுத்தது 1984-ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம். 'பேஸ்' என்று அங்குள்ளவர்கள் சுருக்கிச் சொல்வார்கள். அதன் 17-ஆம் பிரிவின்படி, கடும் குற்றத்துக்காக ஒருவரைக் கைது செய்யவோ, உயிரையோ உடலையோ காப்பாற்றவோ வாரண்ட் இல்லாமல் நுழையலாம். கைதானவர் வசிக்கும் அல்லது அவர் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தை, இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரியின் எழுத்துமூல அனுமதியுடன் சோதிக்க 18-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாஜிஸ்திரேட்டிடம் சோதனை வாரண்ட் கேட்கும் வழி 8-ஆம் பிரிவு. இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கடும் குற்றம் நடந்திருப்பதாகவும், அந்த இடத்தில் விசாரணைக்குப் பெரிதும் பயன்படும் சான்று இருப்பதாகவும் நம்ப நியாயமான காரணம் இருந்தாலும் 8-ஆம் பிரிவுக்கு அது போதாது. இன்னொரு படி உண்டு. நுழைய அனுமதிக்கும் உரிமை உள்ளவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, அல்லது வாரண்ட் காட்டாமல் அவர் விடமாட்டார், அல்லது போன உடனே உள்ளே புக முடியாவிட்டால் சோதனையின் நோக்கமே கெட்டுவிடும் என்பது போன்ற ஒரு நிபந்தனையும் நிறைவேற வேண்டும். சட்டத்தை எழுதியவர்களின் எண்ணம் நல்லது. கேட்டாலே கிடைக்கும் இடத்துக்கு நீதிமன்றத்தின் வலிமையை ஏன் கொண்டுபோக வேண்டும்? வாரண்ட் என்பது கடைசி வழியாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். ஒருவர் ஒப்புக்கொள்வார் என்று போலீஸ் நம்பினால், மாஜிஸ்திரேட்டிடம் போகவே வழியில்லை. காவல்துறையின் சட்டப் பிரிவும் அரசு வழக்குத் துறையும் சொன்ன ஆலோசனை ஏறக்குறைய இதுதான். காமன்ஸ் சபை நிர்வாகம் மறுக்காது என்று எதிர்பார்த்தால் வாரண்ட் கேட்க முடியாது. முதலில் ஒப்புதலைத்தான் கேட்க வேண்டும். சட்டப்படி இந்த வாசிப்பில் தவறு காண்பது கடினம். விளைவோ விபரீதமானது. பணிந்துபோகக் கூடியவருக்கு நீதிபதியின் பாதுகாப்பு இல்லை; முரண்டு பிடிப்பவருக்குத்தான் உண்டு. போலீஸின் காரணங்கள் போதுமானவையா என்று வெளியாள் ஒருவர் எடைபோட்டுப் பார்க்கும் அந்த ஒரே கட்டம், ஒரு 'சரி'யால் முற்றிலும் அகன்றுவிடுகிறது.

கைது நடந்துவிட்ட பிறகு 18-ஆம் பிரிவையே பயன்படுத்தியிருக்கலாமே என்று சட்டம் படிப்பவர்கள் கேட்பார்கள். நாடாளுமன்ற அறை யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, எம்.பி.யின் கட்டுப்பாட்டிலா, சபையின் கட்டுப்பாட்டிலா என்பது அப்போது பெரிய விவாதமாகியிருக்கும். காவல்துறை அந்தப் பக்கம் போகவில்லை. வாரண்ட் இல்லாத நிலையில் எழுத்துமூல ஒப்புதல் மட்டுமே வழி என்று எடுத்துக்கொண்டுதான் சபை அதிகாரியை அணுகியது.

சொன்னார்களா, சொல்லவில்லையா

காமன்ஸ் சபையின் பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் பொறுப்பான பழம்பெரும் பதவி ஒன்று உண்டு. இலங்கை நாடாளுமன்றத்தில் அதைப் படைக்கல சேவிதர் என்கிறார்கள்; அந்த நல்ல பெயரையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன். இடையில் வாளுடன் சபையில் அமர்பவர் அவர். 2008 தொடக்கத்தில் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜில் பே, ஏறத்தாழ 600 ஆண்டு வரலாற்றில் அதை வகித்த முதல் பெண்.

நவம்பர் 26 அன்று போலீஸார் அவரைச் சந்தித்தார்கள். மறுநாள் காலை 7 மணிக்கு மீண்டும் வந்து பின்னணியை விளக்கினார்கள். எம்.பி. ஒருவர் கைதாகலாம் என்று அவர் முந்தைய நாளே சபாநாயகர் மைக்கேல் மார்ட்டினிடம் ரகசியமாகத் தெரிவித்திருந்தார். பிறகு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்.

டிசம்பர் 3 அன்று, புதிய கூட்டத்தொடர் தொடங்கிய நாளில், சபாநாயகர் அவையில் அறிக்கை வாசித்தார். போலீஸாரிடம் வாரண்ட் இல்லை என்ற செய்தி தனக்குச் சொல்லப்படவில்லை என்றார். ஒப்புதல் தரலாமா என்று தன்னைக் கேட்கவில்லை, சோதனையைத் தான் அனுமதிக்கவில்லை என்றார். சபைச் செயலரைக் கலந்தாலோசிக்காமல் படைக்கல சேவிதர் கையெழுத்திட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு முக்கியமான வரி வந்தது: ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், வாரண்ட் கொண்டுவரச் சொல்லலாம் என்பதையும் போலீஸார் விளக்கக் கடமைப்பட்டவர்கள், அதை அவர்கள் விளக்கவில்லை என்று தனக்குச் சொல்லப்பட்டிருப்பதாகக் கூறினார்.

மறுநாளே எதிர்த்தரப்பு வந்தது. விசாரணையை மேற்பார்வையிட்ட உதவி ஆணையர் பாப் குவிக் உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தை அமைச்சர் அவையில் எடுத்துச் சொன்னார். வாரண்ட் இல்லாமல் சோதிக்கப் போலீஸுக்கு அதிகாரம் இல்லை, எழுத்துமூல ஒப்புதல் இருந்தால்தான் முடியும் என்பதைப் படைக்கல சேவிதர் புரிந்துகொண்டிருந்தார் என்று அதிகாரிகள் திருப்தியடைந்ததாக அந்தக் கடிதம் சொன்னது.

இரண்டு கூற்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒருவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இரண்டும் உண்மையாக இருக்கலாம். 'உங்கள் ஒப்புதல் இல்லாமல் எங்களால் நுழைய முடியாது' என்பது ஒரு வாக்கியம். 'நீங்கள் மறுக்கலாம்' என்பது வேறொரு வாக்கியம். முன்னதைக் கேட்டு 'அப்படியானால் நான் உதவ வேண்டும்' என்று நினைப்பதே கடமையுணர்வுள்ள ஓர் அதிகாரியின் இயல்பு. பின்னதைக் கேட்டால்தான் 'நான் ஒரு முடிவு எடுக்க வேண்டும்' என்பது புரியும்.

'பேஸ்' சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட விதித்தொகுப்பு 'பி' இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒப்புதல் கேட்கும் முன் தேடலின் நோக்கத்தையும் எல்லையையும் அதிகாரி சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை என்று தெரிவிக்க வேண்டும். எடுத்துச் செல்லும் பொருள் சாட்சியமாகக்கூடும் என்றும் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். சோதனை நடக்கும்போதே ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் அதற்குமேல் தொடரக் கூடாது. புரிந்துகொண்டார் என்று அதிகாரி திருப்தியடைந்தால் போதும் என்று அது சொல்லவில்லை; தெரிவிக்க வேண்டும் என்கிறது.

அதிகாரி ஒருவருக்கே இந்த நிலை என்றால் வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு என்ன? 1998-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முடிவு செய்த ஒரு பிரிட்டன் வழக்கு நினைவுக்கு வருகிறது. மணமுறிவுக்குப் பின் வீட்டுப் பொருள்களை எடுக்க முன்னாள் கணவர் வந்தார்; அமைதி குலையாமல் பார்த்துக்கொள்ள இரண்டு காவலர்களும் உடன் வந்தார்கள். மனைவி வீட்டில் இல்லை. கதவைத் திறந்தவர் அவருடைய முதிய தாயார். நீதிமன்ற உத்தரவு இருப்பதாகச் சொன்னதும் அவர் விலகி வழிவிட்டார். பொருள்களை ஒப்படைக்க அந்தப் பெண்ணுக்கு இன்னும் நாள் இருந்தது. உத்தரவு வீட்டுக்குள் நுழைய அனுமதிக்கிறதா என்று காவலர்கள் சரிபார்க்கவில்லை. அமைதி குலையும் ஆபத்து இல்லாத நிலையில் அவர்கள் உள்ளே போயிருக்கக் கூடாது என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் கண்டார்கள். வழிவிடுவதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தாயின் நிலையில் நின்று பார்த்தால் எளிதில் புரியும்.

யாருடைய அறை?

இன்னொரு கேள்வியை அன்றைய விவாதம் போதுமான அளவு தொடவில்லை என்பது என் எண்ணம். ஒப்புதல் தர உரிமை உள்ளவர் யார்?

அந்த விதித்தொகுப்பின் குறிப்பு ஒன்று வாடகை விடுதிகளைப் பற்றிப் பேசுகிறது. வாடகைக்கு இருப்பவரின் ஒப்புதலைப் பெற எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அறையைச் சோதிக்கக் கூடாது என்கிறது. கட்டடம் ஒருவருடையது, அந்த அறைக்குள் இருக்கும் வாழ்க்கை இன்னொருவருடையது என்ற எளிய மனித உண்மையை அது மதிக்கிறது. காமன்ஸ் அறை விடுதி அல்ல. அந்தக் குறிப்பு நேரடியாகப் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதன் காரணம் இங்கே இன்னும் வலுவாகப் பொருந்துகிறது. எம்.பி.யின் மேசையில் இருப்பவை அவருடைய தாள்கள் மட்டுமல்ல. நாடுகடத்தலுக்கு அஞ்சுபவர், வேலையிடத்து ஊழலைச் சொல்பவர், போலீஸ் மீதே புகார் வைத்திருப்பவர் என்று தொகுதி மக்கள் நம்பி எழுதிய கடிதங்கள் அங்கே இருக்கின்றன. சபை நிர்வாகம் அவர்கள் சார்பில் ஒப்புதல் தர முடியுமா?

இதற்கு எதிர்முனையில், எம்.பி.யின் அறைக்குள் போலீஸ் கால்வைக்கவே கூடாது என்று சிலர் பேசினார்கள். 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க முதலாம் சார்லஸ் மன்னர் படைவீரர்களுடன் சபைக்கு வந்ததை நினைவூட்டினார்கள். அன்று சபாநாயகர் லென்தால் மண்டியிட்டு, சபை கட்டளையிடாமல் காணக் கண்ணும் பேச நாவும் தனக்கு இல்லை என்றார். ஒவ்வொரு பிரிட்டன் மாணவரும் படிக்கும் காட்சி அது. ஆனால் அதிலிருந்து நாடாளுமன்றம் புகலிடம் என்ற முடிவுக்கு வருவது தவறு. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் காப்பது சபையின் பேச்சையும் நடவடிக்கைகளையும்தான். பொய்ச் செலவுக் கணக்கு கொடுத்த எம்.பி.க்கள் சிறப்புரிமையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மென்சிஸ் கேம்பெல் தலைமையில் இந்தச் சோதனையை ஆராய்ந்த சபைக் குழுவும் 2010 மார்ச்சில், வளாகம் சட்டத்திலிருந்து தப்பும் இடமல்ல என்றே சொன்னது. இறுதிப் பொறுப்பைச் சபாநாயகர் மார்ட்டின் சரிவர ஏற்கவில்லை என்றும் குறை கண்டது.

மார்ட்டின் அன்றே ஒன்றைச் செய்திருந்தார். இனி எம்.பி. அலுவலகத்தைச் சோதிக்க எப்போதும் வாரண்ட் வேண்டும், அதுவும் தன் பார்வைக்கு வர வேண்டும் என்று டிசம்பர் 3 அறிக்கையிலேயே அறிவித்தார். 8-ஆம் பிரிவின் முடிச்சு அப்படித்தான் அவிழ்ந்தது. ஒப்புதல் தர மாட்டோம் என்று சபை முன்கூட்டியே சொல்லிவிட்டதால், மாஜிஸ்திரேட்டிடம் போகும் வழி போலீஸுக்குத் திறந்தது. மறுப்பதன் மூலம் விசாரணை தடைபடவில்லை. அது நீதிபதியின் வாசல் வழியாகச் செல்ல வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

வழக்கு என்ன ஆனது

ஒன்றும் ஆகவில்லை. 2009 ஏப்ரல் 16 அன்று அரசு வழக்குத் துறையின் இயக்குநராக இருந்த கியர் ஸ்டார்மர், யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை என்று அறிவித்தார். கசிந்த தகவல்கள் ரகசிய வகையைச் சேர்ந்தவை அல்ல, தேசப் பாதுகாப்பைத் தொட்டவை அல்ல, அவற்றில் சில பொதுநலன் சார்ந்தவை என்பவை அவர் சொன்ன காரணங்கள். அமைச்சகத்தின் செயல்பாட்டுக்குப் பாதிப்பு இருந்தது என்றும், ஆனால் தண்டனை பெறும் அளவுக்குச் சான்று இல்லை என்றும் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன் குவிக் பதவி விலகியிருந்தார். இந்த வழக்குக்காக அல்ல, டவுனிங் வீதியில் ரகசிய ஆவணம் கேமராவில் தெரியும்படி ஏந்திச் சென்றதற்காக. முன்கூட்டியே நேரம் குறித்து வரவழைத்திருக்கலாம் என்பதால் கிரீனைக் கைது செய்த முறை தேவைக்கு மிஞ்சியது என்று, காவல்துறைக்காக இந்த நடவடிக்கையை மறுஆய்வு செய்த இயன் ஜான்ஸ்டன் எழுதினார். இளநிலை அலுவலர் வேலையை இழந்தார்.

அத்துடன் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2017-இல் கிரீன், தெரசா மேயின் அமைச்சரவையில் பிரதமருக்கு அடுத்த இடத்தில் இருந்தார். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், அவருடைய காமன்ஸ் கணினியில் ஆபாசப் படங்கள் இருந்ததாக, 2008 சோதனையில் தொடர்புடைய ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஊடகங்களிடம் சொன்னார்கள். தான் தரவிறக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை என்று கிரீன் மறுத்தார். அந்தப் பொருள் பற்றித் தனக்கு முன்பு தெரிவிக்கப்படவில்லை என்ற பொருள்பட அவர் வெளியிட்ட அறிக்கைகள் சரியானவை அல்ல என்று அமைச்சரவை அலுவலக விசாரணை கண்டதால், டிசம்பர் 20 அன்று அவர் பதவியிழந்தார். அந்த அறிக்கைகளுக்கு அவரே பொறுப்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் சோதனையின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு அமைதி வரவில்லை. கணினியில் சட்டவிரோதமான எதுவும் இருந்ததாக யாரும் குற்றம்சாட்டவில்லை. கசிவு விசாரணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. விசாரணையின்போது அறிந்ததை வெளியிடாத கடமை ஓய்வுக்குப் பின்னும் தொடர்கிறது என்று அன்றைய காவல் ஆணையர் கிரெசிடா டிக் வெளிப்படையாகவே கண்டித்தார். ஒப்புதல் கேட்கும்போது தேடலின் நோக்கத்தையும் எல்லையையும் சொல்ல வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. 2008-இல் அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருந்த நோக்கம், உள்துறை அமைச்சகத்திலிருந்து கசிந்த தாள்களைத் தேடுவது. அந்தத் தேடலில் போலீஸ் கண்ணில் பட்ட வேறொன்று ஒன்பது ஆண்டு கழித்து நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது.